எந்திரம் கொடுத்த வாக்கு

திருமயம்

அன்புள்ள அர்ச்சனா ஆச்சிக்கு, ஆத்தா சொல்லச் சொல்லத் தம்பி சோமு எழுதுவது. இங்கே ஆத்தா, அப்பச்சி, எனக்கு என்று மூன்று பேருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் சரியில்லை. டப்ளினில் உங்களுக்கு இரண்டும் நன்றாக இருக்க சத்தியமூர்த்திப் பெருமாள் பார்த்துக்கொள்ளட்டும். முதலில் பேரறிவிப்பு: மூன்று நாளாகக் காணாமல்போயிருந்த ஆத்தாவின் மூக்குக்கண்ணாடி, பிரிட்ஜுக்குள் மோர்மிளகாய் டப்பாவுக்குப் பின்னால் உயிரோடு மீட்கப்பட்டது. இதையெல்லாமாடா எழுதுவ என்கிறார்கள், எழுதிவிட்டேன்.

அடுத்த சேதி சிரிக்கிற சேதி இல்லை. நம் பலகாரக் கடைக்கு நுகர்வோர் ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. கடை வாட்ஸ்அப்பில் கேட்பவர்களுக்குத் தானே பதில் சொல்லும் எந்திரத்தை நான் தனி ஆளாகச் செய்தேனே, பள்ளிக்கூடத்தில் மேடையேற்றிச் சால்வைகூடப் போட்டார்களே, அதுதான் வினை. கோயம்புத்தூர் தேவிப்ரியா அம்மாள் மகள் கல்யாணச் சீர்ப் பலகாரமாக நாற்பது கிலோ மனகோலம் கேட்க, 'ஆகட்டும், வெள்ளிக்கிழமை வந்துவிடும்' என்று அது பதில் போட்டிருக்கிறது. அவர் முன்பணமும் அனுப்பிவிட்டார். அந்த வாரம் பங்காளி வீட்டுத் துக்கம், கடை அடைப்பு, போனை யார் பார்த்தது? சம்பந்தி வீட்டார் முன்னால் சீர்த்தட்டு வெறும் தட்டாக நின்றதாம். வந்தவரிடம் இல்லை என்று சொல்லக் கூடாது என்பது அப்பச்சி வைத்த சட்டம், 'ஆகட்டும்னு சொல்லு, அங்கிட்டு இங்கிட்டு ஓடி நான் சமாளிச்சுக்கிறேன்' என்பார்களே, அதையே எந்திரத்துக்கும் பழக்கியிருந்தேன். நமக்கு வழக்கம் தெரியும், வழக்குதான் தெரியாது.

வக்கீல் மலையாண்டி அப்பச்சியிடம், 'எந்திரம் சொன்னாலும் கடை சொன்னதுதாண்ணே, அதைக் கூண்டுல ஏத்த முடியாது, ஒங்களத்தான் ஏத்துவாங்க' என்றார். மனிதக் கை படாமல் அதுவாகத் தப்பாகப் பேசியது என்று அப்பச்சி பிரமாணப் பத்திரம் கொடுத்தால் தண்டம் குறையலாமாம். பதினெட்டாம் தேதி கையெழுத்து. எதிர்த்தரப்போ எந்திரத்தையே பரிசோதிக்க வேண்டும் என்று மனுப் போட்டிருக்கிறது. நேற்று யாரோ இரண்டு பேர் கடைப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு ஒன்றும் வாங்காமல் போனார்கள். போன் மணி அடித்தால் அப்பச்சி என்னை எடுக்கச் சொல்கிறார்கள், சாப்பாடு பாதி இலையிலேயே கிடக்கிறது.

ஆத்தா உங்களுக்குச் சொல்லும் புத்தி: ஈரத்தலையோடு குளிரில் வெளியே போகக் கூடாதாம். படித்துப் பார்க்காமல் போனில் எதற்கும் 'சம்மதம்' என்று அமுக்கக் கூடாதாம். நூறாயுசு இருப்பாய் என்று ஆத்தா ஆசீர்வாதம் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் துணி எடுக்கப் போயிருக்கிறார்கள். இனி நானாக எழுதுவது.

எந்திரமே கிடையாது ஆச்சி. நான் செய்தது ஒருநாள்கூட ஓடவில்லை. எல்லாப் பதிலும் கெமிஸ்ட்ரி வகுப்பில் டெஸ்க்குக்கு அடியில் என் கட்டைவிரல் போட்டது. ஆகட்டும் என்றவனும் நான், அப்பச்சியிடம் சொல்ல மறந்தவனும் நான். பெற்ற மகன் என்னை நம்பி அப்பச்சி பொய்ச்சத்தியம் செய்யப் போகிறார்கள், எனக்கு வாய் வரவில்லை. பதினெட்டுக்கு முன்னால் போன் பண்ணி அப்பச்சியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், மறந்துவிடாதீர்கள். ஓடமாட்டேன், பக்கத்திலேயே நிற்பேன்.

இப்படிக்கு,
சால்வைக்குத் தகுதியில்லாத தம்பி,
கு. சோமு