முதலை போர்த்திய பொலித்தீன்

செங்கலடி,
10.01.1999

குவைத் மாநகரில் ஒரு வீட்டின் அடுப்படியைக் கட்டியாளும் என் அருமை மருமகள் புஸ்பத்துக்கு, மாமா நல்லரத்தினம் எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். உன் நலத்துக்கு மாமாங்கப் பிள்ளையார் பொறுப்பு. பதியுதீன் காக்காவின் மகள் ஸஹீதா நாளைக்கு அங்கே புறப்படுகிறாள். அவள் கையில்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். வழியில் சோதனைச் சாவடியில் இதைப் பிரித்து வாசிக்கிற ஐயாமாருக்கும் என் வணக்கம். வாசித்து முடிந்ததும் மடித்த மடிப்பிலேயே மடித்து வைக்கவும்.

புள்ள, இப்போது நான் ஒரு கதை சொல்லப் போகிறேன். இதை நீ நம்பமாட்டாய், உன் மேடம் நம்பமாட்டா, குவைத்தில் உள்ள ஒட்டகங்கள்கூட நம்பாது. ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்கிறேன்.

ஆனால் அதற்கு முதல், கதையில் சேராத ஒரு வரி. உன் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்றுப் பின்னேரம் வந்தார். இப்போது எனக்கு முன்னால் இருந்து சோறு தின்கிறார். “ஒழுங்கா எழுது” என்று இந்த நிமிடம்தான் ஏசினார். என் எழுத்தை நீ நம்பாய் என்பதால் கடைசியில் அவர் கையெழுத்தையும் வாங்கி வைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை நீ சந்தியில் உள்ள தொலைபேசிக் கடைக்கு அழைப்பு எடுத்ததும், அப்பாவை ஆமி பிடித்துக்கொண்டு போன செய்தியைக் கேட்டு அழுததும், மேடத்தின் காலில் விழுந்தாவது பாஸ்போட்டை வாங்கிக்கொண்டு வருவேன் என்று சொன்னதும் எனக்குத் தெரியும். நேற்றிலிருந்து உன் மேடம் வீட்டு இலக்கத்துக்கு மூன்று தடவை எடுத்தோம். யாரோ அரபியில் ஏதோ சொல்லி வைத்துவிடுகிறார்கள். நானும் தமிழில் ஏதோ சொல்லி வைத்தேன்.

இனிக் கதை.

போன மாரியில் உன் அப்பா, அதுதான் என் அத்தான், போட்ட தக்காளி நாற்று முழுவதும் மழையில் அழுகிப் போனது உனக்கு நினைவிருக்கும். இந்த முறை பெய்த மழையோ, கிணற்றுத் தவளைகள் வீட்டுக்கு வந்து குடை கேட்கிற மழை. நாற்று நனையாமல் ஒரு கொட்டில் போட, அத்தான் கமுகஞ் சலாகைகளைக் கட்டி மூன்று நாள் வாவியில் ஊறப்போட்டார். பிறகு அவற்றை வில்லுப்போல வளைத்து, இரண்டு நுனியையும் நிலத்தில் ஊன்றினார். அறுபது அடி நீளம், ஆள் குனிந்து போகிற உயரம். ஏறாவூரில் பதியுதீன் காக்காவின் தளபாடக் கடைக்கு மெத்தை சுற்றி வருகிற பொலித்தீன் இருக்கிறதல்லவா, அந்தத் தெளிவான பொலித்தீன், அதை நான் போய்க் கேட்டேன். காக்கா, “கொண்டு போ, எனக்கும் குப்பை குறையும்” என்றார். துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டியது உன் அம்மா. உடுப்புத் தேய்க்கிற கரிப்பெட்டியைச் சூடாக்கி, மேலே பத்திரிகைத் தாளைப் போட்டுத் தேய்த்தால் ஓரங்கள் உருகிப் பிடிக்கும். மைதான் கொஞ்சம் பொலித்தீனிலும் பிடித்தது. ஒரு துண்டில் யாரோ ஒருவரின் மரண அறிவித்தல் இடம்வலமாக மாறித் தெரிந்தது.

ஆக, சலாகை அத்தானுடையது, காணி அத்தானுடையது, ஒட்டு அக்காவுடையது. புகழ் மட்டும் என்னுடையது. அதை நான் நன்றாகப் பராமரித்தேன். உள்ளே அவ்வளவு சூடு, முட்டையை வைத்தால் குஞ்சு பொரித்து, வளர்ந்து, தானே கறியாகிவிடும் என்று சந்தையில் சொன்னேன். முதல் தக்காளியை ஏற்ற மாட்டு வண்டி பேசியிருக்கிறேன் என்றும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

சாமித்தம்பியின் தேத்தண்ணிக் கடையில் ஒருவன், “என்ன நல்லரத்தினம், வாவிக்கரையில மினுங்குதே, என்ன அது?” என்று கேட்டான். தக்காளிக் கொட்டில் என்று சொல்ல என் நாக்குக்கு என்ன நோய்? விமானம் நிறுத்துகிற கொட்டில் என்றேன். தை பிறந்ததும் ஒன்று வந்து இறங்கும், வாவிதான் ஓடுபாதை என்றேன். கடை முழுக்கச் சிரித்தது. சிரிக்காத ஒருவன் மூலையில் இருந்திருக்கிறான்.

வியாழக்கிழமை காலையில் வந்தார்கள். நான் அப்போது சந்தையில் நின்று கதை அளந்துகொண்டிருந்தேன். யாருடைய கொட்டில் என்று கேட்டார்களாம். “காணியும் என்ட, கொட்டிலும் என்ட” என்று சொல்லி, அத்தான் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர்களின் வண்டியில் ஏறிப்போய்விட்டார். என் பெயரையே எடுக்கவில்லையாம். அக்கா எனக்கு ஏசவில்லை, புள்ள. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அந்த மூன்று நாளும் நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். வீட்டில் படுத்து, அக்காவின் மீன் குழம்பைச் சாப்பிட்டு, கொட்டிலைக் காவல் காத்தேன். காவலிலும் ஒரு அசம்பாவிதம். அத்தானைக் கொண்டுபோன அன்றே வாவியில் இருந்து ஒரு முதலை ஏறி வந்தது. பனைமரத்துக்கு வால் முளைத்த மாதிரி ஒரு முதலை. தக்காளி பழுக்கவில்லை என்று கண்டதும் அதற்குக் கோபம். அந்த மரண அறிவித்தல் இருந்த துண்டைக் கிழித்து, மழைக்கு முதுகில் போர்த்திக்கொண்டு மரியாதையாக நடந்து போய்விட்டது.

சனிக்கிழமை காலை, என் தக்காளியின் கீர்த்தியைக் கேள்விப்பட்டு, முகாமில் இருந்து பெரிய துரையே ஜீப்பில் வந்து இறங்கினார். கூட வந்தவர்கள் இரும்புக் கம்பியால் பாத்திகளைக் குத்திப் பார்த்தார்கள். விமானம் ஒன்றும் தட்டுப்படவில்லை. துரை குனிந்து உள்ளே போனார். வெகு நேரம் வரவில்லை. வந்தபோது விரலில் தக்காளி இலை மணந்தது. வெலிமடைப் பக்கமாம் ஊர், தகப்பன் தோட்டக்காரராம். எனக்கு விளங்கிய சிங்களத்தில், “இரண்டு பக்கமும் மூடி வைத்தால் உள்ளே வேர்க்கும், இலை அழுகும், காலையில் திறந்துவிடு மடையா” என்றார். என் வாழ்நாளில் இவ்வளவு சந்தோசமாக நான் ஏச்சு வாங்கியதில்லை. பின்னேரம் அத்தானை விட்டுவிட்டார்கள்.

வந்த மனுசன் வீட்டுக்குள் வரவில்லை. நேரே கொட்டிலுக்குப் போய் இரண்டு பக்கத்தையும் திறந்துவிட்டார். துரை அங்கேயும் அதைத்தான் சொல்லி அனுப்பினாராம். பிறகுதான் தண்ணி கேட்டார். ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ போயிருந்தா அங்கயும் போய் விமானத்துக்கு எத்தின சில்லு எண்டு சொல்லியிருப்பாய். பிறகு ரெண்டு பேரும் வெளிய வந்த மாதிரித்தான்” என்றார். அக்கா மூன்று நாளுக்குப் பிறகு சிரித்தது அதற்குத்தான்.

இடது கையைத் தூக்கத்தான் அத்தானுக்குக் கொஞ்சம் கஷ்டம். சீமெந்துத் தரையில் படுத்ததால் வந்த பிடிப்பாம். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுசன், அதனால் நன்றாகச் சொல்ல வரவில்லை. நல்லெண்ணெய் போட்டு உருவிவிடுகிறோம். வலது கையால் ஒழுங்காகச் சாப்பிடுகிறார், இரண்டாம் முறையும் சோறு கேட்டார்.

முதலை கிழித்த இடத்தைக் காட்டினேன். அத்தான் ஓட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பழைய உரப்பையை வெட்டி, ஒரு கையால் ஒட்டுப் போட்டார். மற்றப் பக்கத்தை நான் பிடித்தேன்.

ஆகவே புள்ள, யார் காலிலும் விழாதே. இன்னும் ஐந்து மாதம். முடித்துக்கொண்டு தலை நிமிர்ந்து வா. தேத்தண்ணிக் கடைப் பக்கம் நான் இனிப் போவதில்லை. போனாலும் வாயைத் திறப்பது குடிக்க மட்டும்தான். அடுத்த கடிதத்தில் எனக்கு நன்றாக ஏசி எழுது. அம்மாவும் அப்பாவும் ஏசாமல் விட்டதையும் சேர்த்து ஏசு. பொங்கலுக்கு முதல் பழம் பழுக்கும் என்று அத்தான் சொல்கிறார். அதை உன் பெயரில் சாமிக்கு வைப்போம். நீ நூறு வயது, நோய் நொடி இல்லாமல், நல்ல மனுசர் நடுவில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் புகழ்பெற்ற மாமா,
நல்லரத்தினம்

மகள், நான் வந்திட்டன். யோசிக்காத. அப்பா, விநாயகமூர்த்தி.

பி.கு.: உன் அப்பா கை கழுவப் போய்விட்டார், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். முதலை ஏறி வரவில்லை. அந்தத் துண்டை நான்தான் வெட்டினேன். மூன்று நாளும், அவர்கள் துரத்துகிற வரைக்கும், முகாம் வாசலில் மழைக்குள் அதைப் போர்த்திக்கொண்டு இருந்தேன். வாசலில் நின்றவர்களிடம் அது தக்காளிக் கொட்டில் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன், ஒருவனும் நம்பவில்லை. சனிக்கிழமைதான் துரை ஜீப்பை நிறுத்தி, என்ன போர்த்தியிருக்கிறாய் என்று கேட்டார். ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். ஏறு, காட்டு என்றார். மழைக்கு அதைப் போர்த்திக்கொண்டு ஒரு சீவன் நடந்து போனது என்று எழுதினேனே, முதலைக் கதையில் அந்தச் சின்னத் துண்டு உண்மை.