ஒன்றுமில்லை என்ற படம்

பிப்ரவரி 6

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, எழுதிப் பார் என்று அண்ணன் சொன்னார். பாப்பாவுக்கு இருமல் விட்டதா? இங்கே அண்ணன் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் நினைப்புதான்.

தலை ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. "மூளையில ஒண்ணுமில்லம்மா, சுத்தமா இருக்கு" என்றார் டாக்டர். அவர் எதிரிலேயே என் கழுத்து இடப்பக்கம் திருகிக்கொண்டிருந்தது. வேலையும் போயிற்று. டிக்கெட் கவுன்டரில் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுகிறேன் என்று ஆளாளுக்குப் புகார். அத்தை சொன்னதும் அதைத்தானே.

பாப்பாவை ஒரு வாரமாவது அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
பாப்பா அம்மா

பிப்ரவரி 17

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

இருமல் தேவலை. ஒன்றுமில்லை என்று டாக்டரே சொன்னபிறகு இன்னும் எதற்கு இந்தக் கூத்து? கன்னத்தில் ஒரு விரல் வைத்தால் உன் தலை நேராகிவிடுகிறது. நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். விரல் வைத்தால் நிற்கிற வியாதியை உலகத்தில் யாராவது கண்டதுண்டா? "சமையக்கட்டுக்குள்ள போனாதான் அவளுக்குக் கழுத்து திரும்புது" என்கிறாள் அம்மா. நான் அவ்வளவு தூரம் போகவில்லை.

நிஜமான வியாதி என்றால் ஆதாரம் கொண்டு வா. பாப்பாவை நானே கூட்டிவந்து விடுகிறேன். அதுவரை அந்தக் குழந்தை உன்னைப் பார்த்துத் தலையைச் சாய்க்கக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பாப்பா அப்பா

ஜூன் 20

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

ஆதாரம் கிடைத்துவிட்டது. அழுதுகொண்டேதான் எழுதுகிறேன், துக்கத்தில் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் என்னைப்போல் கழுத்து திருகுகிறவர்களை ஓர் ஆராய்ச்சிக்குச் சேர்த்தார்கள். தலை அசையாமலிருக்க இரண்டு பக்கமும் பஞ்சு அடைத்துக் குழாய்க்குள் தள்ளினார்கள். உள்ளே தகரத்தைப் போட்டு அடிக்கிற மாதிரி சத்தம். அங்கிருந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "கன்னத்தத் தொட்டா கொஞ்சம் நேராகுதா?" என்பதுதான். இந்த வியாதிக்கே உரிய அடையாளமாம் அது.

"உங்க படத்தத் தனியா பாத்தா ஒண்ணும் தெரியாது. உங்கள மாதிரி நிறைய பேர் படத்தையும், வியாதி இல்லாதவங்க படத்தையும் வெச்சு அளந்து பாத்தோம். மூளையில உடம்பு அசைவப் பாத்துக்கற இடங்கள்ல சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கு" என்றார். நரம்பு வியாதிதான் என்று எழுதியே கொடுத்துவிட்டார். இத்துடன் நகல் வைத்திருக்கிறேன். ஊசி போட்டால் குறையுமாம்.

அத்தையிடமும் காட்டுங்கள். பாப்பாவை என்றைக்குக் கூட்டிவருகிறீர்கள்?

பாப்பா அம்மா

ஜூலை 4

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

டாக்டர் எழுதியதைப் படித்தோம். அம்மா அன்று சாப்பிடவே இல்லை. மூளையிலேயே கோளாறு என்றால் கல்யாணத்துக்கு முன்பே இருந்திருக்க வேண்டுமே. உன் அண்ணன் மூடி மறைத்து என் தலையில் கட்டிவிட்டார் என்கிறாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. வக்கீலிடம் நகலைக் கொடுத்திருக்கிறேன்.

பாப்பாவுக்கும் தலை ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறோம். இப்படி ஒரு வியாதியை வைத்துக்கொண்டு இருப்பவளிடம் குழந்தையை எப்படி விடுவது, நீயே யோசித்துப் பார். கோபத்தில் எழுதவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பாப்பா அப்பா

ஜூலை 9

பாப்பா அப்பாவுக்கு,

ஒன்றுமில்லை என்றபோது நடிப்பு என்றீர்கள். இருக்கிறது என்றதும் மோசடி என்கிறீர்கள். எந்தப் படம் வந்திருந்தாலும் பாப்பாவை அனுப்பியிருக்க மாட்டீர்கள். இது புரிய எனக்கு இவ்வளவு நாளா ஆயிற்று என்றுதான் வயிறு எரிகிறது.

அவள் தலையைப் படமெடுத்தால் எதுவும் தெரியாது. டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன். ஒன்றுமில்லை என்று வந்தாலும் நீங்கள் நம்பப்போவதில்லை, காலமெல்லாம் அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

நானும் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டேன். அவர் ஏதாவது செய்வதற்குள் நீங்கள் அவளை ஸ்கேனுக்குக் கூட்டிப்போய்விடுவீர்கள் என்று தெரியும். தேதியை மட்டும் சொல்லுங்கள். குழந்தை உள்ளே படுத்திருக்கும்போது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொள்ள விடுவார்கள். அந்தச் சத்தம் எப்படியிருக்கும் என்று உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். நான் வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

அன்றைக்கு நீங்கள் என்னோடு பேச வேண்டாம்.

அவள் அம்மா