காலால் பிறந்தவளுக்கு

பெல்மதுளை
09.06.2025, காலை

இராஜத்துக்கு,

நீ நல்லா இருக்கிறதா பஸ் கண்டக்டர் ஏழுமலை சொன்னான். சந்தோஷம். நான் நல்லா இல்ல. மழைக்கு டவர் விழுந்ததுல இருந்து உங்க அக்கா தோட்டத்துக்கு ஃபோன் போகல. அதான் அவன் கையில இந்தக் காகிதம்.

நேத்து பருப்பு மூட்டையைத் தூக்கினேன். இடுப்புல மளுக்குன்னுச்சு. கல்லாப்பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு இறால் மாதிரி வளைஞ்சு நின்னேன். வலி வலது கால் வழியா குதிகால் வரைக்கும் கம்பியா இழுக்குது. நாட்டு வைத்தியர் வெத மாத்தயாவோட எண்ணெய், நம்ம கடையில விக்கிற பிளாஸ்டர், எல்லாம் போட்டாச்சு.

நமக்குள்ள பேச்சு இல்லதான். ஆனா நீ கால் முதல்ல வெளிய வந்த பிள்ளை. காலால பிறந்தவங்க மிதிச்சா பிடிப்பு விடும். வந்து இடுப்புல மூணு மிதி மிதிச்சிட்டு அடுத்த பஸ்ல திரும்பிடு. சண்டையை அப்புறம் வச்சுக்கலாம்.

தங்கையா

*

றக்வான, மேல் டிவிஷன்
09.06.2025, பகல்

நிரோஷா அப்பாவுக்கு,

வலின்னு படிச்சதும் சேலை மாத்த எழுந்தேன். மிதிக்கன்னு படிச்சதும் உக்காந்துட்டேன்.

மிதிக்க மட்டும் நான் வேணும். பொங்கலன்னைக்கு கடை ஆளுங்க முன்னால "உனக்கு என்ன தெரியும், வாயை மூடு"ன்னப்போ நான் வேணாம். அதனாலதான் அக்கா வீட்டுல இருக்கேன். கோபம் இன்னும் போகல, மறைக்க மாட்டேன்.

ஆனா வராதது கோபத்துல இல்ல. தோட்டத்து டிஸ்பென்சரி ஐயாவைக் கேட்டேன். கால் வரைக்கும் இழுத்தா அது பிடிப்பு இல்லையாம். முதுகெலும்புத் தட்டு விலகி நரம்பை அமுக்கலாமாம். மிதிக்கவே கூடாதுன்னார். டாக்டர்கிட்ட காட்டுங்க. யாரையும் முதுகுல ஏத்தாதீங்க.

இராஜம்

*

பெல்மதுளை
10.06.2025, காலை

இராஜத்துக்கு,

நீ வராட்டி பெல்மதுளையில கால் இல்லையா? பக்கத்து ஹோட்டல் ஸம்சுதீன் நானாவும் காலால பிறந்தவராம். "முதலாளி, நான் தொண்ணூறு கிலோ, யோசிச்சுக்குங்க"ன்னார். "அரிசி மூட்டைன்னு நினைச்சுக்கிறேன், ஏறுங்க நானா"ன்னேன். நேத்து பின்னேரம் ஏறினார். உயிர் போய்த் திரும்பி வந்துச்சு.

சொன்னா நம்ப மாட்ட, வலி போயிருச்சு! கால் மரத்துப் போய் சுகமா இருக்கு. உக்கார்ற இடம், தொடை இடுக்கு, எல்லாம் சிங்களத்துல "ஹிரி"ங்கிறாங்களே, அப்படி. பஞ்சு மேல உக்காந்த மாதிரி. ராத்திரியிலிருந்து ஒன்னுக்குத்தான் வரல, அடிவயிறு கனக்குது. தண்ணி குறைவாக் குடிச்சிருப்பேன்.

ஆக, டாக்டரும் வேணாம், நீயும் வேணாம்.

தங்கையா

*

றக்வான
10.06.2025, பகல்

நிரோஷா அப்பாவுக்கு,

பஸ் நின்ன இடத்துலேயே படிச்சேன். அங்கிருந்து டிஸ்பென்சரிக்கு ஓடினேன்.

அது சுகம் இல்லைங்க. மரத்துப் போறதும் ஒன்னுக்கு வராததும் சேர்ந்தா நரம்பு நசுங்குதுன்னு அர்த்தமாம். இன்னைக்கே பார்க்கலைன்னா கால் போகும், ஒன்னுக்கு ரெண்டுக்கு அடக்கமும் போகும்னார் ஐயா. சொல்றப்போ நாற்காலியை விட்டு எழுந்துட்டார்.

தேயிலை லொறி இப்பவே கீழ இறங்குது. அதுல எனக்கு இடமில்ல, காகிதத்துக்கு இருக்கு. படிச்ச கையோட ஆம்புலன்சைக் கூப்பிடுங்க. இரத்தினபுரி பெரியாஸ்பத்திரி. படுத்தே போங்க.

"உனக்கு என்ன தெரியும்"னு கேக்கணும்னா, ஆம்புலன்சுல ஏறிட்டுக் கேளுங்க.

நான் அடுத்த பஸ்ல வர்றேன். பெல்மதுளையில இறங்க மாட்டேன். இரத்தினபுரிக்குத்தான் டிக்கெட்.

இராஜம்

*

இரத்தினபுரி ஆஸ்பத்திரி
10.06.2025, மாலை

இராஜம்,

இதை நர்ஸ் மிஸ்கிட்ட கொடுத்து வச்சிருக்கேன். நீ வர்றப்போ நான் ஆப்பரேஷன் தியேட்டருக்குள்ள இருப்பேன்.

உன் காகிதத்தைப் படிச்சிட்டு மடிச்சு வைக்கத்தான் பார்த்தேன். உனக்குக் காட்டணும்னு வீம்புக்கு எந்திரிச்சேன். வலது கால் என்கூட வரல. விழுந்த இடத்துல இருந்தே ஆம்புலன்சுக்கு ஃபோன் அடிச்சேன்.

ஸ்கேனைப் பார்த்துட்டு டாக்டர் நல்லா ஏசினார். யார் மிதிச்சதுன்னு கேட்டார். ஸம்சுதீன் நானா பேரைச் சொல்லல. யார் இங்க அனுப்பினதுன்னு கேட்டார். "மகே நோனா"ன்னேன். பொங்கலுக்குப் பிறகு யார் கேட்டாலும் "அவ போயிட்டா"ன்னு சொன்ன வாய். என் பெண்சாதின்னு சிங்களத்துல சட்டுன்னு வந்துருச்சு.

நடப்பேனா தெரியல. டாக்டரும் உறுதி சொல்லல. கடையைத் திறக்கிறதோ மூடுறதோ உன் இஷ்டம். யாரையும் கேக்காத, என்னையும்.

இப்ப கால் விரலை அசைக்கச் சொன்னாங்க. இடது அசைஞ்சது தெரிஞ்சுச்சு. வலது அசைஞ்சுதா இல்லையான்னு எனக்கே தெரியல. வெளிய கொண்டு வந்ததும் நீ பார்த்துச் சொல்லு.

தங்கையா