வெந்நீரில் கழுவிய சைக்கிள்

கிம்லி
டிசம்பர் 2, 1996

என் செல்ல லில்யாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்க மாட்டேன்; நலமாக இல்லாவிட்டாலும் நீ சொல்லப்போவதில்லை. டெலிபோனில் பேசலாம் என்றால் என் காது இன்னும் மந்தமாகிவிட்டது. நீ கத்த, நான் கத்த, பக்கத்து வீட்டுக்காரர்தான் எல்லாவற்றையும் முழுசாகக் கேட்கிறார். அதனால் கடிதம்.

காலை ஐந்து மணிக்கு எழுந்து ரேடியோவைக் காதோடு வைத்துக்கொள்கிறேன். வின்னிபெக்கில் மைனஸ் இருபத்தெட்டாம். இந்நேரம் நீ சைக்கிளில் ஏறியிருப்பாய். மீன் வெட்டுகிற கூடத்தில் கத்தியைப் பிடித்தபடி ஆறு மணி வரை கடிகாரத்தையே பார்க்கிறேன். ஆஸ்பத்திரி சமையல்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்ட பிறகுதான் வேலை ஓடுகிறது. அப்பா உறைந்த ஏரியில் வலை எடுக்கப் போய்த் திரும்பாத அன்றும் இதே குளிர்தான். அப்புறம் உன்னை வளர்த்தவள் நான். பயப்பட எனக்கு உரிமை உண்டு.

மீன் கூடத்து ஆபீஸில் ஓர் இடம் காலியாகப் போகிறது. வீட்டிலிருந்து நடந்தே போகலாம். மாடி அறை உனக்காகத்தான் கிடக்கிறது. வந்துவிடேன்.

புத்தாண்டு முடிந்து நான் வருகிறேன். பிளம்ஸ் அடுக்குக் கேக் கொண்டு வருவேன். மெலிந்து போயிருந்தால் திட்டும் கிடைக்கும்.

உன் அக்கா
சிக்ரூன்


வின்னிபெக்
டிசம்பர் 10, 1996

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் அந்த ரேடியோவை அணை.

என் மேல் ஐந்து அடுக்குத் துணி இருக்கிறது. கண் இரண்டு மட்டும்தான் வெளியே. பனியில் வழுக்காமலிருக்க டயரில் ஆணி பதித்திருக்கிறது. பாலத்து ஏற்றத்தில் எனக்கு வியர்த்தே கொட்டுகிறது. தினமும் அந்த இடத்தில் நாலைந்து பேர் சைக்கிளில் எதிரெதிரே கடப்போம். பெயரும் தெரியாது, முகமும் தெரியாது. நேற்று தாடியெல்லாம் பனி தொங்க ஒருத்தர், “இன்னும் உயிரோடதான் இருக்கியா?” என்றார். “உங்கள அனுப்பி வச்சிட்டுத்தான் போவேன்” என்றேன். சிரித்ததில் அவர் தாடிப் பனி உதிர்ந்தது.

இது எட்டாவது குளிர்காலம். ஒரு நாள்கூட லேட்டாகப் போனதில்லை. அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது, கார் எனக்கு வேண்டாம்.

கிண்டலை விட்டுச் சொல்கிறேன் அக்கா. கிம்லியில் நான் ஏரியில் போனவரின் பெண். கடைக்குப் போனால்கூட யாராவது உச்சுக் கொட்டுவார்கள். இங்கே இருட்டில் பாலம் ஏறி இறங்குகிற அந்த அரை மணி நேரம் எனக்கே எனக்கானது. யார் தயவும் அதில் இல்லை. அதை விட்டுவிட்டு வரச் சொல்லாதே. கேக்கை மட்டும் மறக்காதே.

உன்
லில்யா


வின்னிபெக்
ஜனவரி 12, 1997

அன்புள்ள அக்காவுக்கு,

பதறாமல் படி. இடது கையால் எழுதுகிறேன், கோழிக் கிறுக்கலாகத்தான் இருக்கும். வலது காரை எலும்பு முறிந்திருக்கிறது. மற்றபடி முழுசாக இருக்கிறேன்.

நீ போன ஞாயிற்றுக்கிழமை இங்கிருந்து ஊருக்கு பஸ் ஏறினாயே, மறுநாள் காலையில் நடந்தது. தெருவெல்லாம் காலியாக இருந்ததால் பாலம் வரை பிரேக் பிடிக்கிற தேவையே வரவில்லை. இறக்கத்தில் பிடித்தால் இரண்டு பிரேக்கும் அசையவே இல்லை. கீழே சிக்னலில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் ஓரத்துப் பனிக் குவியலில் சாய்ந்து விழுந்தேன். பனிக்குள்ளே இரும்புக் கம்பி இருந்திருக்கிறது.

சைக்கிளை மார்செல் பார்த்தார். எட்டு வருடமாக அவர் கடையில்தான் பழுது பார்க்கிறேன். பிரேக் கம்பி ஓடுகிற குழாய்க்குள் தண்ணீர் இறங்கி உறைந்திருந்ததாம். “வீட்டுக்குள்ள கொண்டு போனியா? உள்ள சூட்டுல பனி உருகி நனைஞ்ச சைக்கிள் வெளிய வந்தா ஐஸ் கட்டிக்கும்னு உனக்குத் தெரியாதா? முத வருஷக்காரங்க பண்ற வேல இது” என்றார்.

நான் கொண்டு போகவே இல்லை அக்கா. குளிர்காலம் முடிகிற வரை அது பின் கொட்டகையை விட்டு வீட்டுக்குள் வராது. சத்தியம் செய்தேன், அவர் சிரித்துக்கொண்டார். தூக்கக் கலக்கத்தில் நானே ஏதாவது செய்தேனோ என்று யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. நீ இங்கே இருந்தபோது நான் சைக்கிளை உள்ளே கொண்டு வந்ததைப் பார்த்தாயா? நினைவிருந்தால் எழுது.

லில்யா


கிம்லி
ஜனவரி 20, 1997

என் கண்ணே லில்யா,

கடிதத்தைப் பார்த்ததிலிருந்து வேலையில் கவனமே இல்லை. நேற்று இரண்டு மீனைச் சிதைத்துவிட்டேன். எட்டு வருடமாக நான் பயந்தது நடந்தேவிட்டது. தோளுக்குச் சூடு ஒத்தடம் கொடு. பாலைக் குடி. தனியாகக் குளிக்கப் போய் வழுக்கி விழாதே.

நீ சைக்கிளைத் தொட்டதை நான் பார்க்கவில்லை. மார்செல் சொல்வதையெல்லாம் ஏன் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாய்? பழைய இரும்பு, என்றைக்காவது காலை வாரத்தானே செய்யும். அதைக் கிளறிக்கொண்டே இருந்தால் உடம்பு தேறாது.

மாடி அறைக்குப் புதுத் திரை தைக்கிறேன், நீல நிறம். ஆபீஸ் இடத்தை பிப்ரவரி கடைசி வரை வைத்திருப்பதாக மேனேஜர் ஹால்டோர் சொல்லியிருக்கிறார். இனியும் பிடிவாதம் பிடிக்காதே. வந்துவிடு தாயே.

அக்கா


வின்னிபெக்
பிப்ரவரி 6, 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நீ ஜெயித்துவிட்டாய்.

மார்செல் சைக்கிளைச் சரிசெய்து கொண்டுவந்து விட்டார். நேற்று கொட்டகையில் அதன் மேல் ஏறிச் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். கைப்பிடியைத் தொட்டதும் இறங்கிவிட்டேன். விழுந்ததற்காக இல்லை, முன்னேயும் விழுந்திருக்கிறேன். தான் என்ன செய்தோம் என்றே தெரியாத ஒருத்தி அந்தப் பாலத்தில் ஏறக் கூடாது. அடுப்பை அணைத்தேனா என்று இப்போதெல்லாம் மூன்று தடவை திரும்பிப் போய்ப் பார்க்கிறேன்.

மாதக் கடைசியில் வருகிறேன். அடுத்த வாரம் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவேன். சைக்கிளுக்கு ஆள் பார்க்கும்படி மார்செலிடம் சொல்லிவிட்டேன். ஹால்டோரிடம் நீயே பேசிவிடு.

லில்யா


கிம்லி
பிப்ரவரி 11, 1997

லில்யா,

ஹால்டோரிடம் நான் பேசவில்லை. இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இதை அனுப்பிவிடுகிறேன்.

அந்த ஞாயிறு மத்தியானம் நீ சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனாய். என் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. கொட்டகையில் உன் சைக்கிள் உப்பும் சேறுமாக உறைந்து நின்றது, பார்க்கவே பாவமாக இருந்தது. சமையலறைக்குக் கொண்டுவந்து வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். சந்து பொந்தெல்லாம் ஊற்றினேன். துடைத்து, பழையபடி கொண்டுபோய் வைத்தேன். நம் வீட்டில் படகு மோட்டாரைக் குளிரில் விட்டால் அப்பா என்ன திட்டுத் திட்டுவார், உள்ளே தூக்கிவந்து சூடு காட்டுவோமே, அதே புத்தி. காலையில் நீ பார்த்து அசந்துபோவாய் என்று நினைத்தேன். இருட்டில் உனக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

மார்செல் சொன்னதை நீ எழுதியபோதே எனக்குப் புரிந்துவிட்டது. பயத்தில் மறைத்தேன் என்று சொல்லலாம். ஆனால் அது மட்டும் இல்லை. இனி இவள் வந்துவிடுவாள் என்று உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது லில்யா. அந்த வரியை எழுத முடியாமல்தான் நான்கு தடவை கிழித்தேன்.

நீ ஒரு தப்பும் செய்யவில்லை. உன் எலும்பை முறித்தவள் நான். ராஜினாமா கொடுக்காதே. சைக்கிளை விற்காதே.

சிக்ரூன்


கிம்லி
பிப்ரவரி 24, 1997

லில்யா,

தபால் ஆபீஸுக்கு தினம் இரண்டு தடவை போகிறேன். நான் கேட்கும் முன்பே, ஒன்றும் வரவில்லை என்று கவுண்டரில் இருக்கும் பெண் தலையை ஆட்டிவிடுகிறாள். கடிதம் கிடைத்ததா, கிடைத்தும் பேசாமல் இருக்கிறாயா என்று தெரியாமல் தவிக்கிறேன். நாலு வரி திட்டியாவது எழுது. வேலையை விட்டுவிட்டாயா என்பதை மட்டுமாவது சொல்லிவிடு.

அக்கா


வின்னிபெக்
மார்ச் 4, 1997

அக்கா,

வேலையை விடவில்லை. ராஜினாமாக் கடிதம் பையில் இருந்தபோது உன் கடிதம் வந்தது. நேராக மார்செலிடம் போய்க் காட்டினேன். முழுசும் படித்துவிட்டு, “உங்க அக்கா சுத்தமாத்தான் கழுவியிருக்காங்க” என்றார். சிரித்தேன். அப்புறம் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன்.

நீ கழுவியதில் எனக்குக் கோபமே இல்லை. தூங்குகிறவளை எழுப்பாமல், பனியில் சைக்கிளைத் தூக்கிவந்து முட்டி போட்டுக் கழுவ உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? ஆனால் நான் கேட்டேனே. நினைவிருந்தால் எழுது என்று கெஞ்சிக் கேட்டேனே. “நீ சைக்கிளைத் தொட்டதை நான் பார்க்கவில்லை” என்று எழுதினாய். எவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறாய்! ஒரு மாதம் நான் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்துகொண்டிருந்தேன். நீ அங்கே திரை தைத்துக்கொண்டிருந்தாய். அதை மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை. வந்துவிட்டது என்று பொய் எழுத மாட்டேன்.

சைக்கிள் ஓட்டவும் வேலைக்குப் போகவும் டாக்டர் விட்ட முதல் நாள் இன்று. மைனஸ் இருபத்தொன்று. பாலத்து உச்சியில் இறங்கி நின்றுவிட்டேன். தள்ளிக்கொண்டே போய்விடலாம் என்று பார்த்தேன். ஏறி உட்கார்ந்து, கீழே வரும்வரை பத்து தடவையாவது பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். எட்டு வருடத்தில் முதல் தடவையாக வேலைக்கு லேட்.

ஈஸ்டருக்கு நான் வரவில்லை. நீயும் இங்கே வராதே. நீ வரலாம் என்று எனக்குத் தோன்றுகிற அன்று நானே எழுதுகிறேன். அதுவரை கேட்காதே.

லில்யா