எதிர் வீட்டுக்குத் தபால்

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் நம் பெயிண்ட் கடையில், வாடிக்கையாளர்கள் முன்னால், "அண்ணன் கண்ணை நம்பிக் கலர் வாங்காதீங்க" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து நீ கிடங்கில், நான் கல்லாவில். நமக்குள் சரக்கு மட்டும்தான் போய் வருகிறது, பேச்சு இல்லை.

சபையைக் கூட்டி நியாயம் கேட்கலாம் என்று போதகரிடம் போனேன். அவர் வேதத்தைத் திறந்து இயேசு சொன்னதைக் காட்டினார். சகோதரன் தப்பு செய்தால் முதலில் நீ போய் அவனிடம் தனியாகச் சொல்ல வேண்டும், சபைக்குக் கொண்டுபோவதெல்லாம் கடைசியில்தானாம். தரகர் இல்லாத ஏற்பாடு. வியாபாரியான எனக்குப் பிடித்துப்போயிற்று. உடனே எழுத உட்கார்ந்தேன்.

உன் அண்ணி எட்டிப் பார்த்தாள்.

"அதுல 'நீ போய்'னுதானே இருக்கு? 'நீ எழுதி'ன்னு எங்கே இருக்கு? எதிர் வீட்டுக்கு எதுக்குங்க தபால்?"

பேரம் பேசிப் பார்த்தேன், படியவில்லை.

ஆகவே இந்தக் கடிதம் முன்தகவல் மட்டும்தான். அண்ணியே கொண்டுவந்து தருவாள். கடை அடைத்ததும் நான் தனியாக வருகிறேன். எனக்கு வலித்ததை உன் முகத்தைப் பார்த்தே சொல்கிறேன். உனக்கும் சொல்ல ஏதாவது இருக்கும், சொல்.

ஒன்று மட்டும் செய். வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, தெரு வரைக்கும் வந்து என் கையைப் பிடித்துக்கொள். உன் வீட்டு மூன்று படியும் இப்போதெல்லாம் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

உன் அண்ணன்