விரலுக்கு இலகுவான ட்ரிகர்

மச்சான்,

இன்று காலை கடை திறந்த சற்று நேரத்தில் பொத்துவில்காரர் ஒருவர் பை ஒன்றோடு வந்தார். உள்ளே, பெயின்ட்போல் விளையாட்டில் சாயக் குண்டு சுடும் மார்க்கர் ஒன்றும், பெட்டி பிரிக்காத எலெக்ட்ரோனிக் ட்ரிகர் ஃபிரேமும் இருந்தன. "கல்முனையில நீங்கதான் இத மாட்டுவீங்கெண்டு சொன்னாங்க" என்றார். ஓம் என்றேன். அசர் தொழுகைக்குப் பிறகு வரச்சொல்லி அனுப்பிவிட்டு மார்க்கரைக் கழற்றினேன். காய்ந்த பெயின்டின் அந்த எண்ணெய் வாசம் வந்தது. அதன் பிறகு ஸ்குரூ ட்ரைவரை மூன்று தரம் எடுத்து, மூன்று தரமும் கீழே வைத்துவிட்டேன். திருத்த வந்த ஃபோன்கள் மேசையில் திறந்தபடி கிடக்கின்றன. எதிலும் கை நிற்கவில்லை. உனக்கு எழுதினாலாவது அடங்குமா என்று பார்க்கிறேன்.

அறுகம்பைக்குச் சுற்றுலா வரும் வெள்ளைக்காரர்களுக்காகத் தென்னந்தோட்டம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, தார்ப் பீப்பாய்களையும் டயர்களையும் அடுக்கி, சுற்றி வலை கட்டி மைதானமாக்கினாய். நீ வாங்கிப் போட்ட மார்க்கர்கள் எல்லாமே பழையவை. அவற்றைத் திருத்துவது என் வேலை. யாராவது அவற்றைத் துவக்கு, துப்பாக்கி என்றால் உனக்குப் பிடிக்காது. "யுத்தத்தில துவக்குப் பாத்தது காணும். இது மார்க்கர்" என்பாய். சீசன் முடிந்தால் நாமே இரண்டு பக்கமாகப் பிரிந்து ஆடுவோம். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எந்த விளையாட்டிலும் நான் உனக்கு எதிர்ப்பக்கம்தான்.

ஒரு நாள் நீயும் இதே போன்ற ஃபிரேம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாய். "என்ட மார்க்கருக்கு இத மாட்டித் தாடா." அந்த ட்ரிகரை இழுக்கத் தேவையில்லை, தொட்டாலே போதும், குண்டுகள் மளமளவென்று போகும். நான் சிரித்தேன். "எனக்கிட்ட தோக்கப் பயந்து மெஷின் வாங்கினியா? இது கள்ள ஆட்டம்டா."

நீ என்னைப் பார்த்தாய். "சும்மா, ஒரு ஆசைக்குத்தான்" என்றாய்.

பிறகு செய்வோம் என்று மேசை லாச்சிக்குள் போட்டேன். மூன்று மாதம் அங்கேயே கிடந்தது. நீ இரண்டு தரம் கேட்டாய். அதன் பிறகு கேட்கவில்லை.

சம்மாந்துறைக் கலியாண வீடு ஒன்றில் ஒரே சஹன் தட்டைச் சுற்றிச் சாப்பிட உட்கார்ந்தோம். எனக்கு நேரெதிரே நீ. நீ அள்ளிய சோற்றில் பாதி, வாய்க்குப் போவதற்குள் திரும்பத் தட்டில் விழுந்தது. மற்றவர்கள் கவனிக்காமலிருக்க நீ கதைத்துக்கொண்டே இருந்தாய். கை கழுவும் இடத்தில் உன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"என்னடா இது?"

"விரல் சொல்லுக் கேக்குதில்ல. கொழும்புக்கும் போய்க் காட்டினன். நரம்பு வருத்தமாம். கூடிக்கிட்டுத்தான் போகுமாம்."

"எப்ப இருந்து?"

"மாட்டித் தா எண்டு கொண்டுவந்தனே, அதுக்கு முன்னயே."

நீ அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாய், அவ்வளவுதான். அதுதான் என்னை இருக்கவிடாமல் செய்கிறது. இன்று வந்தவரிடம், வேலையை ஏற்ற கையோடு, "விரலெல்லாம் சுகம்தானே?" என்றுதான் கேட்டேன். அவர் குழம்பிப்போய், "ஓம், ஏன்?" என்றார்.

அன்று கலியாணச் சட்டையோடேயே உன்னைக் கடைக்குக் கூட்டிவந்தேன். மார்க்கரின் காற்றுச் சிலிண்டரைக் கழற்றி, பழைய ஃபிரேமின் இரண்டு ஆணிகளையும் எடுத்து, புதியதைப் பொருத்தி, வயர்கள் நசுங்காமல் மடித்து, பற்றரி போட்டேன். அவசரத்தில் சுவிட்சை அளவுக்கு மீறி நெருக்கிவிட்டேன். சோதித்துப் பார்க்கக் குண்டு போட்டு, சிலிண்டரைப் பூட்டி மேசையில் வைத்ததும் அது தானாகவே சுட்டது. சுவரெல்லாம் மஞ்சள். நீ கதிரையில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். "இதுக்கு நான் தேவையே இல்லயேடா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சின்ன ஆணியைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பி, ஒவ்வொரு தரமும் உன் விரலை வைத்துப் பார்த்தேன். மேசையில் தட்டினால் சுடாது, உன் விரல் பட்டால் சுடும் என்ற இடத்துக்கு வர மஃரிபு தொழுகை நேரம் ஆகிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து தோட்டத்துக்குப் போனோம். ஆட்டத்தில் கடைசியாக நாமிருவரும் மிஞ்சினோம். நீ மார்க்கரை இடது முழங்கையில் தாங்கிக்கொண்டு பீப்பாய்க்குப் பின்னால் நின்றாய். உன் தோள் முழுதாகத் தெரிந்தது. என் விரல் ட்ரிகரில் இருந்தது. ஒரு மூச்சு நேரம்தான். என் முகமூடியில் குண்டு உடைந்து எல்லாம் மஞ்சளானது.

வலைக்கு வெளியே வந்து முகமூடியைக் கழற்றினோம். நீ சிரிக்கவில்லை.

"உண்மையச் சொல்லு. விட்டுத் தந்தியா?"

"இல்லடா. நீதான் அடிச்ச."

அதன் பிறகுதான் சிரித்தாய். அடுத்த நோன்பு வருவதற்குள் நீ மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டாய். குரல் மங்கிய நாட்களிலும், பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அந்த ஆட்டத்தைத்தான் சொன்னாயாம். உன் மனைவி சொன்னா.

அந்த ஒரு மூச்சு நேரத்துக்குள் எத்தனை தரம் திரும்பப் போய் நின்றுவிட்டேன். என் விரல் பிந்தியதா, நான் பிந்தவிட்டேனா? உனக்குச் சொன்ன அந்த "இல்ல" உண்மையா, பொய்யா? எனக்குத் தெரியவில்லை மச்சான். சில நாட்களில் அது பொய் என்று உறுதியாகத் தோன்றும். சில நாட்களில் நீ நேராகவே என்னை வென்றாய் என்று தோன்றும். அந்த நாட்களில் மட்டும்தான் உன் கபுறடிக்கு வந்து ஸலாம் சொல்ல முடிகிறது.