தலையில் 786 போடாத கடிதம்

என் அன்புத் தம்பி ஆதம்பாவாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உன் கபுறை வெளிச்சமாக்கி வைக்கட்டும்.

கடிதத்தின் தலையைப் பார்த்ததும் உனக்கு ஏதோ குறைவதாகத் தோன்றும். கடைக்குச் சாமான் துண்டு எழுதினாலும் பிஸ்மில்லாஹ்வுக்குப் பதிலாக மேலே 786 போட்டுவிட்டுத்தான் நான் பேனையை நகர்த்துவேன். ஆறின் வாலை நீட்டிச் சுழித்து, சுற்றிவர ஒரு பிறையும் கீறுவேன். "காக்காட 786 கல்யாணக் கார்டுக்குப் போடுறது போல இருக்கு" என்று நீ பகிடி பண்ணுவாய். இன்றைக்கு அதைப் போடக் கை வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சொல்லி முடிப்பேனா என்பதும் பயமாகத்தான் இருக்கிறது.

அஸர் தொழுதுவிட்டு உன் வகுப்பில் இருந்து எழுதுகிறேன். பிள்ளைகள் போய்விட்டார்கள். நீ மௌத்தாகி, உன்னை அடக்கி நாலு மாதம் ஆகப்போகிறது; இன்னும் ஒருவரும் இதை என் வகுப்பு என்று சொல்லவில்லை. நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்கிறேன். உன் ஜெமீலா உனக்காக நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கிறாள். உள்ளறையில் புடைவைத் திரைக்குப் பின்னால் அவள் குர்ஆன் ஓதும் குரல் மட்டும் எங்கள் பக்கம் கேட்கிறது. உன் மகள் பரீதா ஒரு விரல் அளவு வளர்ந்திருக்கிறாள்; இந்த வகுப்பில்தான் இன்னும் படிக்கிறாள். ஜெமீலாவின் அக்காள் சுலைஹா, என் மனைவி, மீன் ஆயும்போது இன்னும் உனக்கும் சேர்த்துத்தான் துண்டு போடுகிறாள். பிறகு நினைவு வந்து அழுகிறாள்.

நம் பக்கத்தில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்குப் போகிறான். ஒரே வளவுக்குள் இரண்டு வீடு, இரண்டு சகோதரிகள், இரண்டு மருமகன்மார். மூத்த மருமகனாக வந்து சில வருசம் நான் ராசாவாகத்தான் இருந்தேன். பிறகு நீ மருதமுனையிலிருந்து வந்தாய். நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை, இங்கிலீசு படித்தவன், வாயைத் திறந்தால் சிரிப்பு. பாரை மீன் தலை என் பீங்கானை விட்டு உன் பீங்கானுக்குப் போனது. நம் இருவருக்கும் பெண் கொடுத்த மாமி அதை வேண்டுமென்று செய்தாரா, கை தவறிச் செய்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் மீன் தலைக்காக ஒரு வளர்ந்த மனிதன் மனம் வெந்தான் என்பதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அது வளவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நீ என் பள்ளிக்கூடத்துக்கே மாற்றம் வாங்கி வந்துவிட்டாய். என் வகுப்பில் பிரம்பு பேசும், பிள்ளைகள் பேசமாட்டார்கள். பக்கத்தில் உன் வகுப்பில் ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தால் வகுப்பே இல்லை, எல்லாம் முற்றத்து மணலில். கிளித்தட்டுக்குக் கோடு கீறி, நேற்று ஒரு கோடு, இன்று ஒரு கோடு, நாளை ஒரு கோடு என்று மூன்று குறுக்குக் கோடு போட்டிருப்பாய். கோட்டில் மறித்து நிற்கிற பிள்ளை ஒரு சொல்லைக் கத்தும். தாண்டப் போகிற பிள்ளை அந்தச் சொல்லை வைத்து, அந்தக் கோட்டின் காலத்துக்கு ஒரு இங்கிலீசு வசனம் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் மறிப்பவன் கையை இறக்க வேண்டும். பிழை விட்டால் மறிப்பவன் கை பட்டு வெளியே. நடுக்கோட்டில் எல்லோரையும் மறிக்கிற கிளியாக நீ, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, குறுக்கும் மறுக்கும் ஓடுவாய்.

மழை நாளில் இன்னொரு விளையாட்டு. மட்டைத் துண்டுகளில் சொல் எழுதி, உங்கள் வீட்டுத் தறியில் மிஞ்சிய நூலைக் கோத்துப் பிள்ளைகளின் கழுத்தில் தொங்கவிடுவாய். பெயருக்குச் சிவப்பு நூல், வினைக்குப் பச்சை. பிள்ளைகள் ஓடிப்போய் வரிசையாக நின்று ஒரு வசனமாவார்கள். இடம் பிழைத்து நின்ற பிள்ளையை மற்றவர்கள் இழுத்துச் சரியான இடத்தில் விடுவார்கள். நான் சன்னலில் நின்று பார்த்தேன். இது படிப்பா என்று எரிந்தேன். எரிந்தது படிப்புக்காக அல்ல. என்னைக் கண்டால் ஓடுகிற பிள்ளைகள் உன்னைக் கண்டாலும் ஓடினார்கள், ஆனால் உன்னை நோக்கி ஓடினார்கள்.

தம்பி, உனக்குத் தெரியாமல் உன் மேல் ஒரு பெட்டிசம் எழுதினேன்.

பெயர் போடாத புகார்க் கடிதம். 'பாட நேரத்தில் பிள்ளைகளை மணலில் ஓடவிட்டு நேரம் போக்குகிறார். பெண்பிள்ளைகளையும் ஆண்பிள்ளைகளோடு சேர்த்து ஓட விடுகிறார். ஒரு பிள்ளைக்கும் இங்கிலீசு தெரியாது.' அந்த இரண்டாவது வரி நம் ஊரில் என்ன செய்யும் என்று தெரிந்துதான் எழுதினேன். கையெழுத்துத் தெரியாமலிருக்க இடது கையால் எழுதினேன். மட்டக்களப்புக் கல்விக் கந்தோருக்கு விலாசமிட்டுத் தபால் பெட்டியில் போட்ட பிறகுதான் நினைவு வந்தது. இடது கைக்குப் பேனையை மாற்றுவதற்கு முன், பழக்கத்தில், வலது கையால் தலையில் 786 போட்டிருந்தேன். பிறையும் வாலுமாக, என் 786. தபால் பெட்டிக்குள் கைவிட்டு எடுக்க முடியுமா? அல்லாஹ்வின் பெயரை முன்னால் வைத்து ஒரு பொய்யைத் தொடங்கியவன் நான்.

ஒன்பதாம் நாள் உனக்கு நெருப்புக் காய்ச்சல் கண்டது. பிறகு நடந்தது உனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த ஒன்று உனக்குத் தெரியாது. உன்னைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துப் பள்ளிவாசல் முற்றத்தில் நிற்கையில், உன் கூடப்பிறந்த பெரிய காக்கா முன்னால் வந்து கேட்டார்.

"எங்கட தம்பி ஆருக்கும் ஏதும் பிழை செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க."

"மன்னிச்சிட்டம்" என்று சனம் சொன்னது. நானும் சொன்னேன், தம்பி. உன்னிடம் கேட்க வேண்டிய வார்த்தையை உனக்குக் கொடுத்துவிட்டு நின்றேன். கபுறில் மலக்குகள் கேள்வி கேட்பார்கள் என்கிறார்களே, என்னைப் பற்றி உன்னிடம் ஏதும் கேட்டார்களா?

உன் நாற்பதாம் நாள் கத்தம் முடிந்த கையோடு ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

"மீராலெவ்வை மாஸ்டர், புது ஆள் வரும் வரைக்கும் இங்கிலீச நீங்கதான் பாக்கணும்."

"நானா? எனக்கு இங்கிலீசு அவ்வளவாப் போகாதே சேர்."

"உங்கட சகலன்ட வகுப்பு. வேற ஆரு பாக்கிற?"

பிரம்போடு போனேன். பிள்ளைகளை வாங்குப் பலகையில் வரிசையாக இருத்தினேன். கேட்டேன். ஒரு வாயும் திறக்கவில்லை. அடித்தேன், இன்னும் இறுகியது. நான் எழுதிய பொய் என் கண் முன்னாலேயே மெய்யாகிக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது: பெட்டிசம் ஒன்று கிடைத்திருக்கிறது, விசாரிக்க இன்ஸ்பெக்டர் வருகிறார், இங்கிலீசு வகுப்பை நேரில் பார்ப்பார். ஹெட்மாஸ்டர் வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பிழையெண்டு எழுதினாரெண்டா இனி இந்தப் பள்ளிக்கு இங்கிலீசு மாஸ்டர் வரமாட்டார். மௌத்தான மனிசன்ட பேரும் கெட்டுப்போகும்" என்றார்.

விளையாட்டை நடத்தினால் பெட்டிசம் சொன்னது உண்மை என்றாகும். வாங்கில் இருத்தினால் பிள்ளைகள் ஊமை, நீ ஒன்றும் படிப்பிக்கவில்லை என்றாகும். இரண்டு பக்கமும் நான் வெட்டிய குழிதான். அதோடு அந்த 786. ஹெட்மாஸ்டர் அதை எத்தனை தரம் பார்த்திருப்பார்! லீவுக் கடிதத்திலும் போடுகிறவன் அல்லவா நான்?

கடைசியில் வெட்கத்தை விட்டுப் பரீதாவிடம், நீ மட்டைகளைப் போட்டு வைக்கிற பிஸ்கற் டின்னைக் கேட்டேன். திரைக்குப் பின்னாலிருந்து ஜெமீலா கொடுத்தனுப்பினாள். சொல் மட்டைகள் எல்லாம் நூல் சிக்காமல் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. இரவில் நீ விளையாட்டுகளை முதலில் அவளை வைத்துத்தான் பரீட்சை பார்ப்பாயாமே? எனக்கு அது தெரியாது. ஒரு வாரம் வளவு முற்றத்தில் நான் கோடு கீறுவதும், பரீதா உள்ளே ஓடிக் கேட்டுவிட்டு வருவதுமாக இருந்தது.

"உம்மா செல்லுறா, கிளி நடுக்கோட்ட உட்டு இறங்கப்படாதாம்."

"சரி."

"பிழையாச் செல்லுற புள்ளைக்கு ஏசப்படாதாம். திரும்பவும் வந்து நிக்கச் செல்லணுமாம்."

"ம்."

"மச்சானுக்கு அல்லாஹ் மிச்சம் பரக்கத்துச் செய்வானாம். வாப்பாட வகுப்பப் பாக்கிறதுக்கு."

ஜெமீலா எனக்குச் செய்த அந்த துஆவைக் கேட்டேன். கோடு வளைந்துவிட்டது. பரீதா காலால் அழித்து நேராகக் கீறித் தந்தாள்.

இன்ஸ்பெக்டர் வெள்ளை லோங்ஸ் காற்சட்டை போட்டு, ஒரு பைலோடு வந்தார். பயத்தில் எல்லாம் மறந்து நான் பிள்ளைகளை வாங்கில்தான் இருத்தியிருந்தேன். அவர் இங்கிலீசில் கேட்டார். மௌனம். இன்னொரு பிள்ளையைக் கேட்டார். மௌனம். பைலைத் திறந்து பேனையை எடுத்தார். அந்தப் பேனையின் முனையில் உன் பெயர் நின்றது, தம்பி. நான் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பரீதா எழும்பினாள். "சேர், கோட்டுல நிண்டாத்தான் எங்களுக்கு வரும்."

"என்ன கோடு?" என்றார் அவர்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் சாரனை மடித்துக் கட்டினேன். வேறு என்ன செய்ய?

வெளியே போனோம். கிளிக்கு ஆள் வேண்டும், நானே நின்றேன். இந்தத் தொந்தியோடு நடுக்கோட்டில் ஓடினேன். முதல் பையன் நேற்றைக் கோட்டில் திக்கினான். ஏசவில்லை, திரும்பவும் நிற்கச் சொன்னேன். "ஐ வென்ட் டு த ஷொப்" என்று கத்திக்கொண்டு பாய்ந்தான். அதற்குப் பிறகு மடை திறந்த மாதிரி. வண்டிலும் மாடும் மீனும் வயலும் தறியும் எல்லாம் இங்கிலீசில் என்னைத் தாண்டி ஓடின. பாதி எனக்கு விளங்கவில்லை. பெண்பிள்ளைகள் முக்காட்டை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினார்கள். இன்ஸ்பெக்டர் சப்பாத்தோடு மணலில் வந்து நின்று தானே ஒரு சொல் கொடுத்தார். பரீதா மூன்று கோட்டையும் தாண்டி, திரும்பியும் வந்துவிட்டாள். என்னால் அவளைத் தொட முடியவில்லை.

"பெண்பிள்ளைகளும் எப்போதும் ஓடுவார்களா?" என்று கேட்டார்.

"ஓம் சேர்" என்றேன். "அவங்கட மாஸ்டர் அப்படித்தான் படிப்பிச்சார்." என் வாழ்க்கையில் நான் தைரியமாகச் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான்.

இன்ஸ்பெக்டர் ஹெட்மாஸ்டரின் மேசையில் உட்கார்ந்து நல்லபடியாக எழுதினார். வகுப்பு நிற்காது, புது மாஸ்டரும் வருவார். எழுதி முடித்துவிட்டு பைலிலிருந்து அந்தப் பெட்டிசத்தை எடுத்து மேசையில் வைத்தார். சரியாக அந்த நேரம் பரீதா பிஸ்கற் டின்னை வைக்க வந்தாள்.

"இப்படியும் எழுதுகிறார்கள். யார் என்று தெரியுமா?" என்றார்.

ஹெட்மாஸ்டர் தாளைப் பார்த்தார். பிறகு சன்னலைப் பார்த்தார். "தெரியாது சேர்" என்றார். பரீதா தாளைப் பார்த்தாள். தினமும் கரும்பலகை மூலையில் நான் போட, அவள் பார்த்து எழுதுகிற அதே பிறை, அதே வால். பிறகு என்னைப் பார்த்தாள். டின்னை வைத்துவிட்டுப் போனாள்.

"கிழித்துப் போடுங்கள் மாஸ்டர்" என்று இன்ஸ்பெக்டர் தாளை என் கையிலேயே தந்தார்.

எப்படிக் கிழிப்பேன்? தலையில் 786 இருக்கிறதே. அதைப் போட்ட தாளைக் கிழிக்கவும் கூடாது, அடுப்பில் வைக்கவும் கூடாது, காலடியில் போடவும் கூடாது என்று சின்ன வயதில் ஓதிய பாடம். கடலில் விடலாம் என்பார்கள். மாலையில் கடற்கரைக்குக் கொண்டுபோனேன். தோணிக்காரர்கள் பார்க்கிறார்களோ என்று பயம். அலை திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிடுமோ என்று அதைவிடப் பயம். திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். இதோ, இப்போதும் என் சட்டைப் பையில் இருக்கிறது. நான் எழுதிய பொய்யை நானே காவல் காக்கிறேன்.

பரீதா தாயிடம் சொல்லிவிட்டாளா? தெரியவில்லை. திரைக்குப் பின்னால் ஓதும் குரல் ஒரு கணம் நின்றாலும் எனக்கு வியர்க்கிறது. இன்று பள்ளி விட்டதும் பிள்ளை என்னிடம் வந்தாள். மடியில் பூனை கட்டிக்கொண்டு நிற்கிறவன் போல நின்றேன்.

"பெரியவாப்பா, நாளைக்கும் நீங்கதானே கிளி?"

"ஓம் மகள்."

"நீங்க ஏன் எப்பவும் பயந்து பயந்து ஓடுறீங்க? வாப்பா பயப்படமாட்டார்."

போய்விட்டாள். அறிந்து கேட்டாளா, அறியாமல் கேட்டாளா?

தம்பி, இறந்தவரிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை, அவருடைய வாரிசிடம் கேள் என்கிறார்கள். ஜெமீலாவின் இத்தா முடிய இன்னும் பதினொரு நாள். அவள் திரையை விட்டு வெளியே வருகிற அன்று, மாமியையும் சுலைஹாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்தப் பெட்டிசத் தாளை உன் மகளின் கையில் கொடுப்பேன். தாய்க்கு வாசித்துக் காட்டச் சொல்வேன். வளவை விட்டுப் போ என்று சொன்னால் போவேன். அதற்குள் பயம் என்னை வென்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். இதையும் அந்தத் தாளோடு சேர்த்துக் கொடுப்பேன். அவர்கள் மன்னித்தால், அவர்கள் முன்னால் இந்தக் கடிதத்தின் தலையில் வலது கையால் 786 போடுவேன்.

அதுவரைக்கும் நாளைக் காலையும் கோடு கீறுவேன். நான்தான் கிளி.

நீ "காக்கா" என்று வாய் நிறையக் கூப்பிட்ட
உன் சகலன்,
மீராலெவ்வை